புகழும் ஐதிகமும்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் வெளியீட்டுக்கு வந்த கட்டுரை யொன்றைப் பார்வையிடுமாறு செயலாளரவர்கள் சென்ற திங்கள் எம்மிடம் தந்தார்கள். நம் இளைஞர் ஒருவர் தம் பாட்டனாரைப் பற்றி எழுதியது அது. பஞ்சகாலத்தில் பாட்டனார் தம் பொருளைச் செலவிட்டு ஊருக்குக் கிணறு வெட்டுவித்தார் என்பது ஒரு வரி. வெறுங்கையாற் புலியைக் கொன்றார் என்பது ஒன்றரைப் பக்கம். தலைப்பிற் 'புகழ்பெற்ற' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'லெஜண்டரி' என எழுதியிருந்தார். அதற்குத் தமிழ் யாது என வினவியபோது அவர் எம்மையே திருப்பி வினவினார். அதுவே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

அச்சொல்லின் மூலம் இலத்தீன். 'படிக்கற்பாலது' என்பது பொருள். கிறித்தவ அடியார் திருநாட்களிற் படிக்கப்பெற்ற சரிதங்களுக்கு அப்பெயர் வழங்கிற்று. பின்னர்ச் சான்றில்லாக் கதைக்கும், அதன்பின் பெரும்புகழ் படைத்தார்க்கும் ஆயிற்று.

நம் மொழியிலும் புகழ் வாய்ச்சொல்லோடு பிறந்ததே. இசை என்பது ஓசை, புகழும் அதுவே. உரை என்பது பேச்சு. அதற்கும் புகழ் என்னும் பொருள் உண்டு. கீர்த்தி என்னும் வடசொல்லும் கீர்த்தனமும் ஓரடியிற் பிறந்தவை. ஆனால் வழிவழிக் கேள்விக்கு ஐதிகம் என வேறு சொல் உண்டு. 'இவ்வாறாம்' எனப் பொருள்படும் வடசொற்களினின்று வந்தது அது. மணிமேகலை 27-ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குமிடத்து ஐதிகமும் ஒன்று. அதற்கு அவன் காட்டும் எடுத்துக்காட்டு யாது? உலகத்தார் சொல்லக் கேட்டு, இம்மரத்திற் பேயுண்டு எனத் தெளிதல்! பேய்க்கும் புலிக்கும் தொலைவு மிகுதியன்று.

பாரி என்றவுடன் நம் குழந்தைகளும் முல்லைக்குத் தேர் ஈந்தவன் என்பர். அவனுடன் வாழ்ந்த கபிலர் புறநானூற்று 201-ஆம் பாட்டில், இரவலர்க்கு ஊர்களை அளித்ததை முன்வைத்து, தேர் ஈந்ததைப் பின்வைத்தே அவன் இசையைக் கூறுகிறார். ஊர்கள் மறந்துபோயின, தேர் நின்றது. கதை செயலை விழுங்குவது இங்ஙனமே. எம் குடும்பத்தும் ஒரு யானைக்கதை உண்டு. அதனை எம் மக்களுக்கு யாமே பன்முறை சொல்லியிருக்கிறோம். எம் முன்னோர் செய்த வேறொன்றையும் அவர்கள் அறியார்.

ஆயினும் இளைஞரின் புலியை யாம் நீக்கவில்லை. 'கொன்றார்' என்றதை மட்டும் 'கொன்றார் என்ப' என மாற்றினோம். 'என்ப' என்னும் ஒரு சொல்லைத் தொல்காப்பியர் எத்துணை முறை ஆள்கிறார்! கேட்டதைக் கேட்டது என்றே சொல்லுதல் தமிழுக்குப் புதிதன்று. 'வெட்டுவித்தார்' என்பதனருகில் அச்சொல்லை இடவில்லை. கிணறு இன்றும் நீர் தருகிறது. அதன் ஆழம் என்ன, கூலி எவ்வாறு கொடுத்தார், எல்லோரும் அதில் நீர் முகந்தனரா என்பவற்றை எழுதித் தருமாறு கேட்டோம்.

"புலி சிறுத்தால் யார் ஐயா படிப்பார்?" என அவர் வருந்தினார். எனினும் சென்ற ஞாயிறன்று கயிறும் கல்லும் கொண்டு கிணற்றை அளக்கச் சென்றாராம். அடுத்த இதழில் இரண்டு பக்கங்களைச் செயலாளர் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.