கொல்லைக் கதவும் ஒரு கோடுதான்

(மாணவர் ஓவிய முகாமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அரூப ஓவியம்னு சொன்னாலே நம்ம ஆட்களுக்கு எரிச்சல் வருது. 'பசிக்கிறவனுக்குக் கோடும் கட்டமும் எதுக்கு?'ன்னு கேக்கிறாங்க. நானும் அப்படிக் கேட்டவன்தான். ஜரீனாவின் அச்சுப் படங்களைப் பார்த்த பிறகு என் கேள்வி மாறிவிட்டது.

ஜரீனா ஹாஷ்மி 1937இல் அலிகாரில் பிறந்தவர். கணிதம் படித்தவர். 1959இல் அவர் குடும்பம் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தது. அவர் பல நாடுகளில் வாழ்ந்து, நியூயார்க்கில் நெடுங்காலம் இருந்து, 2020இல் லண்டனில் இறந்தார். வளர்ந்த வீட்டின் தரைப்படத்தை 1994இல் கோடுகளாக அச்சிட்டார். 1999இல் 'வீடு ஓர் அந்நிய இடம்' என்று 36 மரச்செதுக்கு அச்சுகள் செய்தார். வீடு, வாசற்படி, கதவு, முற்றம்... ஒவ்வொரு படத்திலும் ஓர் உருதுச் சொல், சில கறுப்புக் கோடுகள். ஆள் யாருமில்லை. ஆனா வரிசையாப் பார்த்துக்கிட்டே போனா, நாமே அந்த வீட்டுக்குள்ள நடக்கிறோம்.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. முப்பது வருசம் ஒரு பண்ணை வீட்டில் வேலை செய்தவள். தெருவாசல் வழியா ஒருநாளும் உள்ளே போனதில்லை. கொல்லைக் கதவு, மாட்டுக்கொட்டகை, கிணற்றுக்கு இந்தப் பக்கம், திரும்பவும் கொல்லைக் கதவு. அவள் நடந்த வழியை மட்டும் தாளில் போட்டால் ஓரமாக ஒரு வளைகோடு. மீதியெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைதான் வீடு.

ஜரீனாவின் இழப்பு உண்மையானது. முற்றத்தை இழந்தவர் அதை நினைவிலிருந்து வரைந்தார். முற்றத்துக்குள் விடப்படாதவர்கள் எதை வரைவது? விடாத இடத்தையே வரையணும். அதற்கு முகமோ கண்ணீரோ தேவையில்லை. ஒரு கோடு எங்கே நிறுத்தப்பட்டது என்று காட்டினால் போதும். சாதி அங்கே நிற்கும்.

நம்ம குடிசையையும் விட்டுடாதீங்க. ஒரே அறை. குனிந்து நுழைவது, படுத்திருப்பவர்களைத் தாண்டிப் போய் அடுப்பு மூட்டுவது. அந்த நடையை எந்த ஓவியக் கல்லூரி நமக்குச் சொல்லித் தந்தது?

உயர்த்திய முஷ்டியை நிறைய வரைந்துவிட்டோம். இனியும் வரைவோம். கூடவே இதையும் செய்யுங்கள். ஊருக்குப் போனதும் அம்மாகிட்ட கேளுங்க: 'அந்த வீட்ல நீ எதுவரைக்கும் போவே?' அவள் தரையில் விரலால் இழுத்துக் காட்டுவாள். அதுதான் முதல் கோடு. அங்கிருந்து தொடங்குங்கள்.