எழுதிக் கேட்டால் வழி பிறக்கும்



கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் வட்டாரங்களிலும், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியுள்ள பத்தாங் பெர்ஜுந்தையிலும் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் பல. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஆசிரியையாகவோ, தாதியாகவோ, கிராணியாகவோ அரசாங்க உத்தியோகம் பெற்றுவிட்டால் லயமே மகிழ்ச்சி அடைகிறது. "இனிக் கவலையில்லை, கவர்மெண்டு வேலை" என்கிறோம்.

ஆனால் அந்த வேலையிலும் ஓரவஞ்சனை நேரலாம். சேர வேண்டிய பதவி கை நழுவலாம். காரணம் சொல்லாமல் வேலையை விட்டு அனுப்பலாம். மனம் நொந்து வரும் பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்? "அரசாங்கத்தோடு நாம் மோத முடியுமா? வாயை மூடிக்கொண்டிரு" என்கிறோம். அன்பினால்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனாலும் அந்தச் சொல் பிள்ளையின் உரிமையைப் பறித்துவிடக்கூடும். அரசாங்கத்திடம் நியாயம் கேட்பதற்கு அரசாங்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதனை இன்று பார்ப்போம்.

நம் சிலாங்கூர் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். 2009-ஆம் ஆண்டு ஜனவரியில், உலு லங்காட் மாவட்டத்தில் நூர்ஃபடில்லா அகமட் சாய்கின் என்ற பெண்மணிக்குத் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்தது. வேலை நியமனக் கடிதமும் கைக்கு வந்துவிட்டது. அப்போது, கர்ப்பமாக இருப்பவர்கள் யார் என்று அதிகாரிகள் கேட்டார்கள். அவர் உண்மையைச் சொன்னார். உடனே அந்த நியமனம் மீட்டுக்கொள்ளப்பட்டது.

அவர் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்திற்குச் சென்றார். நமது கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி ஒருவரைத் தாழ்த்தக்கூடாது என்பது அதன் பொதுவிதி. 2001-ஆம் ஆண்டு செய்த திருத்தத்தில், ஆண் பெண் என்ற வேற்றுமையும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கர்ப்பம் என்பது பெண்ணுக்கே உரிய நிலை. ஆகவே கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை மறுப்பது, பெண் என்பதற்காக மறுப்பதே ஆகும் என்று 2011-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் நீதிபதி சலேஹா யூசோப் தீர்ப்பளித்தார்.

வெற்றி கிடைத்தது, ஆனால் எளிதில் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசாங்கம் மேல்முறையீடு செய்து, பிறகு அதை மீட்டுக்கொண்டது. 2014-இல் 3 லட்சம் வெள்ளி இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. 2016-இல் உயர் நீதிமன்றம் அதனை 30,000 வெள்ளியாகக் குறைத்தது. ஆண்டுகள் ஓடின, தொகையும் சுருங்கியது. என்றாலும், உண்மை சொன்ன ஒரு தாயை அதற்காக ஒதுக்கியது தவறு என்ற தீர்ப்பு நிலைத்து நிற்கிறது. நம் பெண்பிள்ளைகளுக்கும் அது துணை.

இன்னொரு வழக்கு அதைவிடப் பழையது. சுரிந்தர் சிங் கண்டா என்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் 1958-இல் வேலைநீக்கம் செய்யப்பட்டார். அவரைப் பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கை ஒன்று, அவருடைய குற்றத்தை விசாரித்த அதிகாரியின் கையில் இருந்தது. ஆனால் அவருக்கு அது காட்டப்படவில்லை. உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. இறுதியில் லண்டன் பிரிவி கவுன்சில் 1962-இல் அவர் பக்கம் நியாயம் உண்டென்று கூறியது. தன்மேல் சுமத்தப்பட்ட குற்றம் என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்று தெரிந்தால்தானே ஒருவர் பதில் சொல்ல முடியும்? பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செல்லும் வழி 1985-இல் நின்றுவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பின் கருத்து இன்றும் நம் நீதிமன்றங்களில் மதிக்கப்படுகிறது.

சரி, நம் பிள்ளைக்கு இப்படி ஒரு குறை நேர்ந்தால் என்ன செய்வது?

முதலில், எழுத வேண்டும். "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்பது நம் பழமொழி. எந்த நாள், எந்த நேரம், யார் என்ன சொன்னார், அருகில் யார் இருந்தார், இதனால் என்ன இழப்பு என்பதை அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு இலாகாத் தலைவருக்குக் கடிதம் எழுதி, என்ன பரிகாரம் வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். வசைமொழி வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதினால் போதும். கடிதத்தின் நகலில், பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகத் தேதியுடன் சாப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இலாகாவில் பதில் இல்லையென்றால், 1971-இல் தொடங்கப்பட்ட பொதுப் புகார்ப் பிரிவு இருக்கிறது. ஊழியர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், சங்கப் பொறுப்பாளரிடமும் ஒரு நகல் கொடுப்பது நல்லது.

இரண்டாவது, நாள் தவறக்கூடாது. அரசாங்க ஊழியரை வேலைநீக்கமோ பதவியிறக்கமோ செய்யுமுன், அவர் தம் பக்கத்தைச் சொல்லத் தக்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது அரசியலமைப்பின் 135-ஆவது பிரிவு கூறும் பொதுவிதி. 1993-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகளின்படி, அத்தகைய குற்றச்சாட்டுக் கடிதத்திற்கு 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை வாரியம் தண்டனை விதித்தால், முடிவு கைக்கு வந்த 14 நாட்களுக்குள் இலாகாத் தலைவர் வழியாக மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்கு மேலும் நீதிமன்ற மறுஆய்வு கோருவதானால் தவணை 3 மாதங்கள். கடிதத்தைப் பயந்துபோய் அலமாரியில் வைத்துவிட்டால், நியாயம் நம் பக்கம் இருந்தும் கதவு மூடிவிடும். வழக்கறிஞருக்குச் செலவழிக்க வசதி இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடலாம்.

மூன்றாவது, சரியான கதவைத் தட்ட வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யும் நமக்கும், அரசாங்க வேலையில் இருக்கும் பிள்ளைக்கும் வழி ஒன்றல்ல. நியாயமின்றி வேலைநீக்கப்பட்ட தோட்டத் தொழிலாளி, 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். அங்கே சமரசம் ஏற்படாவிட்டால் விவகாரம் தொழிலியல் நீதிமன்றத்திற்குச் செல்லும். அரசாங்க ஊழியருக்கு இந்த வழி இல்லை.

அதேபோல, அரசியலமைப்பின் சமத்துவப் பிரிவைத் தனியார் முதலாளிக்கு எதிராகக் காட்ட முடியாது என்று, பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் என்ற விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது. அவரும் கர்ப்பத்தின் காரணமாகவே வேலையை இழந்தவர். இந்தக் குறையை ஓரளவு நீக்கும் வகையில், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் புதிய பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டு, 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. வேலையில் பாரபட்சம் காட்டப்பட்டால், தனியார் தொழிலாளி தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். இலாகாவின் உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசாங்கப் பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ துப்புரவு வேலையும் காவல் வேலையும் செய்கிற நம்மவர் பலர், உண்மையில் குத்தகை நிறுவனங்களின் ஆட்கள். கட்டடம் அரசாங்கத்துடையது, முதலாளி தனியார். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பெயரே நாம் தட்ட வேண்டிய கதவைக் காட்டும். தவறான அலுவலகத்திற்கு அலைந்துகொண்டிருந்தால், தவணை நாட்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டா.

எழுதிய எல்லாருக்கும் வெற்றி கிடைக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. மேலதிகாரி கண்டித்ததெல்லாம் பாரபட்சம் ஆகிவிடாது. நமக்கு மறுத்ததை, அதே நிலையில் உள்ள இன்னொருவருக்குக் கொடுத்தார்களா, அதற்குச் சொன்ன காரணம் என்ன என்று ஆராய்ந்து பார்த்தே புகார் செய்ய வேண்டும். ஆனால் நியாயம் உண்டென்று தெரிந்தபின் தயங்கக்கூடாது.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளைக்கு வேலை கிடைத்த அன்றே நியமனக் கடிதத்தின் நகல் ஒன்றை வீட்டில் பத்திரமாக வையுங்கள். அடுத்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும், அது வந்த தேதியை மேலே எழுதி, அதே உறையில் சேருங்கள். பிள்ளை குறை சொல்லிக்கொண்டு வரும் நாளில், "வாயை மூடிக்கொண்டிரு" என்பதற்குப் பதிலாக, "உட்கார் அம்மா, நடந்ததை முதலில் எழுதுவோம்" என்று சொல்லுங்கள்.