ஏனாதி என்னும் பட்டம்

(குடமுழுக்கு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

சிவாலயங்களின் திருச்சுற்றில் வரிசையாக எழுந்தருளியிருக்கும் அறுபத்துமூவரை வலம் வந்து வணங்குகின்றோம். நால்வர் முன்னிலையில் நெடுநேரம் நிற்கின்றோம். கண்ணப்பர் முன்னிலையில் கண் கலங்குகின்றோம். ஏனாதிநாதர் முன்னிலையில் நிற்பவர் சிலரே. அப்பெயர் ஏதோ ஊர்ப்பெயர் போலச் செவியில் விழுந்து கடந்துவிடுகிறது. உண்மையில் அது படைத்துறையில் வழங்கிய ஒரு பட்டம். அதன் பொருளை அறியாதார்க்கு அவ்வடியார் வரலாற்றில் ஒரு பாதி மறைந்தே இருக்கும் என்பது அடியேன் துணிபு. ஆதலின் இன்று அவ்வொரு சொல்லையே எடுத்துக்கொண்டேன்.

பண்டை வேந்தர் தம் நாட்டிற் சிறந்தாரைப் பட்டம் அளித்துப் போற்றினர். வணிகருள் மேம்பட்டார்க்கு எட்டி என்றும், அமைச்சு முதலிய தொழில்களில் உயர்ந்தார்க்குக் காவிதி என்றும், படைத்தலைமை பூண்டார்க்கு ஏனாதி என்றும் பட்டங்கள் வழங்கின. தொல்காப்பியப் புறத்திணையியலில் 'மாராயம்' எனப்படுவது அரசனாற் பெறும் சிறப்பு. அதற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர், ஏனாதி, காவிதி முதலிய பட்டங்களையே எடுத்துக்காட்டினார். இப்பட்டத்தோடு மோதிரம் ஒன்றும் அளிக்கப்பட்டது. 'ஏனாதி மோதிரம்' என்பது அதன் பெயர். வாள் பிடிக்கும் கையில் வேந்தன் அணிவித்த அம்மோதிரம் எத்துணைப் பெருமைக்குரியது என்பதை நான் விரிக்க வேண்டுவதில்லை.

சங்க நூல்களுள் இப்பட்டம் தாங்கிய இருவரைப் புறநானூறு காட்டுகிறது. ஒருவர் ஏனாதி திருக்கிள்ளி. மற்றவர் சோழிய ஏனாதி திருக்குட்டுவன். இருவரையும் பாடியவர் கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார். திருக்கிள்ளியைப் புலவர் புகழும் முறை வியப்பிற்குரியது. போர்க்களத்தில் எதிர்நின்றதால் அவன் உடலெங்கும் வாள்பட்ட வடு. ஆதலின் அவனைப் பற்றிக் கேட்பது இனிது, காண்பதோ இனிதன்று. அவனைக் கண்டு புறங்காட்டி ஓடிய பகைவர்க்கு மேனியில் ஒரு கீறலும் இல்லை. ஆதலின் அவர் காட்சிக்கு இனியர், கேள்விக்கு இன்னாதவர். இவ்வாறு பாடிவிட்டு, உலகம் உன்னை ஏன் மதிக்கிறது என்று அவனையே வினவுகிறார் புலவர். ஏனாதி என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிந்த உரை அகராதியிற் கிடைக்காது. தன்னை நோக்கி வரும் வாளுக்கு முகம் கொடுப்பவன் ஏனாதி. இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னர் வேண்டியிருக்கும்.

சொல்லின் பிறப்பைப் பற்றியும் சிறிது கூறுவேன். வடமொழிச் 'சேனா' என்பது முதலில் நின்ற சகரம் கெட்டுத் தமிழில் 'ஏனா' ஆயிற்று என்பர் மொழிநூலார் சிலர். சிரமணர் அமணர் ஆனதும், சிராவணம் ஆவணி ஆனதும், சந்தியா அந்தி ஆனதும் இத்தகைய திரிபே. அங்ஙனமாயின் சேனாபதியும் ஏனாதியும் ஒரு குடும்பத்துச் சொற்கள் ஆகும். அகராதிகள் இச்சொல்லுக்கு மந்திரி என்றும் நாவிதன் என்றும் வேறு பொருள்களும் தருகின்றன. மன்னன் அளித்த பட்டம் நாளடைவிற் குடிப்பெயராகவும் தொழிற்பெயராகவும் பரவுதல் நம் நாட்டில் புதிதன்று; இதில் உயர்வு தாழ்வு கற்பிப்பது வீண். விழுப்புரம் மாவட்டத்துத் தென்பெண்ணைக் கரையில் உள்ள ஏனாதிமங்கலம் போன்ற ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் நின்று நிலவுகிறது.

பிற்காலச் சோழர் காலத்தில் சேனாபதி, தண்டநாயகம் என்னும் பெயர்களே மிகுந்தன. திருப்பணிச் செல்வர்கள் நிறைந்த அவையாதலால் ஒரு சேனாபதியை மட்டும் நினைவூட்டுவேன். தஞ்சைப் பெருவுடையார் கோயிலைச் சுற்றி நிற்கும் திருச்சுற்று மாளிகை, முதல் இராசராசன் ஆணைப்படி அவன் சேனாபதி கிருஷ்ணன் இராமனான மும்முடிச்சோழப் பிரமமாராயன் எடுப்பித்தது. அவன் வென்ற களங்களைத் தேடிச் செல்வார் யார்? அவன் எழுப்பிய சுற்று மாளிகையில் நாம் இன்றும் வெயிலுக்கு ஒதுங்குகின்றோம்.

இனி நம் நாயனாரிடம் வருவோம்.

சோழ நாட்டில், கும்பகோணத்திற்கு அண்மையில், இக்காலத்து ஏனநல்லூர் என வழங்கும் எயினனூரில் அவர் தோன்றினார். மன்னர்க்கு வாட்பயிற்சி அளிக்கும் ஆசிரியராய் விளங்கினார். அத்தொழிலில் வந்த வருவாயை எல்லாம் சிவனடியார்க்கே செலவிட்டார். அவருடைய இயற்பெயர் யாதாயினும் ஆகுக. பட்டமே பெயராக நிலைத்துவிட்டது. படைநடத்தும் தலைவர்க்குரிய பட்டம் வாளாசிரியர் ஒருவர்மேல் நிற்கிறதெனின், அவர் வாள்வன்மையை நாடு மதித்த அளவு புலனாகும்.

அதே ஊரில் அதிசூரன் என்பானும் வாட்பயிற்சி அளித்து வந்தான். மாணவர் எல்லாம் நாயனாரை நாட, அவன் வருவாய் குறைந்தது. வென்றவரே இத்தொழில் உரிமை கொள்க என்று அறைகூவித் துணைவரோடு வந்து பொருதான், தோற்று ஓடினான். அன்றிரவு அவனுக்கு உறக்கமில்லை. நேர்நின்று வெல்லுதல் அரிது என்று தெளிந்தபின் வஞ்சனையிற் புகுந்தான். இரு திறத்தும் துணைவர் மடிய வேண்டா, நாம் இருவர் மட்டும் தனியே போர் செய்வோம் என்று சொல்லி விடுத்தான். நாயனார் சுற்றத்தார் ஒருவர்க்கும் அறிவியாமல் தனியே சென்றார். அதிசூரன் அதற்குமுன் ஒருநாளும் நீறு அணிந்தவன் அல்லன். அன்று நெற்றியிலும் மேனியிலும் நிறையப் பூசிக்கொண்டு, முகத்தைக் கேடயத்தால் மறைத்தவாறே வந்தான். போர் நெருங்கி, நாயனாரின் வாள் அவனை வீழ்த்தப் போகும் தறுவாயில் கேடயத்தை விலக்கினான்.

நாயனார் கண்டது பகைவன் முகத்தையன்று, அதன்மேல் விளங்கிய திருநீற்றை. இவர் சிவனடியார் ஆயினார். இவர் கருத்தே நிறைவேறுக என்று துணிந்தார். இதுவரை பலரும் அறிவர். அடுத்து அவர் செய்ததையே சிந்திக்க வேண்டுகிறேன். வாளையும் கேடயத்தையும் எறிந்துவிட முதலில் எண்ணினார். அவ்வாறு செய்யின் படைக்கலம் இல்லாதவரைக் கொன்ற பழி இவரைச் சாருமே என்று அஞ்சினார். ஆதலின் படைக்கலத்தை விடாமல், போர் செய்வார் போலவே எதிர்நின்றார். எதிரில் நின்றவன் தன் கருத்தை முடித்துக்கொண்டான் என்ற அளவில் சேக்கிழார் நிறுத்திக்கொள்கிறார். வெட்டையும் வீழ்ச்சியையும் அவர் பாடவில்லை.

திருக்கிள்ளியின் வடுக்களை இங்கே நினைவுகொள்ளுங்கள். வரும் வாளுக்கு முகம் கொடுத்தல் அவன் பெருமை. நாயனாரும் முகம் கொடுத்தார், புறங்காட்டவில்லை, வாளையும் விடவில்லை. ஏனாதி என்னும் பட்டம் கேட்ட ஒன்றையும் அவர் குறைக்கவில்லை. அத்துணைக்கும் உள்ளே, வெல்லுதல் ஒன்றை மட்டும் கைவிட்டார். வாளறியாதவர் ஒருவர் கொலையுண்டிருப்பின் அது இரங்கத்தக்க நிகழ்ச்சி என்பதோடு முடியும். நாட்டிலேயே சிறந்த வாளாசிரியர், தம் கைவாள் ஒரு வீச்சில் செய்து முடிக்கக்கூடியதை அறிந்தே நிறுத்தினார். அவர் அஞ்சியது தம் உயிருக்கன்று, பகைவன்மேல் ஏறக்கூடிய பழிக்கே. பெயரைப் பட்டம் என்று உணராது படிப்பவர்க்கு இவ்விடம் இவ்வளவு ஆழமாகத் தோன்றாது.

அவன் பூசிய நீறு பொய்யன்றோ என்று இளைஞர் வினவுவதுண்டு. அவன் பூசியது பொய்தான். நாயனார் வணங்கியது பொய்யன்று. இறைவன் வெளிப்பட்டுத் தம்மைப் பிரியாப் பெருநிலையை நாயனார்க்கு அருளினான் என்கிறது பெரியபுராணம். அதைப் பாடிய சேக்கிழாரும் அநபாய சோழன் அவையில் உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டம் தாங்கிய அமைச்சராதலின், பட்டங்களின் எடையை அறிந்தே எழுதினார் எனலாம்.

இவ்வரலாற்றைச் சிற்பத்திற் காண விரும்புவோர், இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் அறுபத்துமூவர் வரலாற்றைக் காட்டும் சிறு சிற்ப வரிசையைக் காணலாம். ஏனாதிநாதர் குருபூசை புரட்டாசித் திங்கள் உத்திராட நாளில் நடைபெறும்.