கட்டுமரமும் கழற்று எஞ்சினும்

புதிதாகத் தோன்றும் ஒரு தொழிலில் தொடக்கத்தில் பல வடிவமைப்புகள் போட்டியிடுகின்றன. நாளடைவில் அவற்றுள் ஒன்று பெரும்பாலோரால் ஏற்கப்படுகிறது, ஏனையவை ஒதுங்கிவிடுகின்றன. நிலைபெற்ற அந்த ஒன்றையே 'மேலோங்கிய வடிவமைப்பு' என அட்டர்பேக், அபர்நாதி ஆகிய அமெரிக்க அறிஞர்கள் 1970களில் விளக்கினர். அதனால் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு என்பதை அறியத் திருவனந்தபுரம் கடற்கரையே தக்க சான்றாகும்.

இக்கரையில் அலைகள் வேகமாக உடைகின்றன. ஆகவே மரங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரமே இதற்கேற்ற கலமாக விளங்கியது. 1952இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டம், உள்ளே எஞ்சின் பொருத்திய படகுகளைப் பரப்பியது. ஆனால் அவற்றுக்குப் பாதுகாப்பான துறை வேண்டும். திறந்த மணற்கரையில் அவற்றை இழுத்தேற்றுவது அரிது. 1980களில் பரவிய, படகின் பின்புறம் மாட்டிக் கழற்றக்கூடிய மண்ணெண்ணெய் எஞ்சின் இக்குறையைத் தீர்த்தது.

எஞ்சின் நிலைத்தது, கலம் அதற்கேற்ப மாறியது. ஒட்டுப்பலகைத் தகடுகளைக் கம்பியால் தைத்து, இணைப்புகளைக் கண்ணாடி இழையாலும் பசையாலும் மூடிக் கட்டிய படகுகள் வந்தன. பின்னர் முழுவதும் கண்ணாடி இழையாலான படகுகள் பெருகின.

இம்மாற்றம் பங்காளிகள் அனைவரையும் ஒரே வகையில் பாதிக்கவில்லை. எஞ்சினைச் செய்த யமஹா, சுசுகி போன்ற ஜப்பானிய நிறுவனங்களுக்கு எஞ்சின் விற்பனையோடு உதிரிபாகச் சந்தையும் கிட்டியது. மரம் தேர்ந்து செதுக்கிய கைவினைஞரின் தேவை குறைந்தது. படகு கட்டுவோருக்கும் பழுதுபார்ப்போருக்கும் புதிய வேலை பிறந்தது. மீனவர் தொலைவான மீன்பிடி இடங்களை அடைந்தனர். ஆயினும் துடுப்புக்கும் பாய்க்கும் வேண்டாத எரிபொருள், அவர்களது அன்றாடச் செலவாயிற்று. எஞ்சின் வாங்கப் பட்ட கடனும் அதனுடன் சேர்ந்தது. மானிய மண்ணெண்ணெய் வழங்கும் பொறுப்பால் அரசும் இவ்வடிவமைப்பின் பங்காளியாயிற்று.

1980இல் உருவாகித் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகு கட்டும் தளங்களையும் எஞ்சின் பழுதுபார்க்கும் நிலையங்களையும் நடத்தியது. எஞ்சினின் வடிவமைப்பு வெளிநாட்டார் கையிலிருந்தபோதும், படகும் பழுதுநீக்கமும் உள்ளூரார் கைக்கு வர இயலும் என்பதை இது காட்டிற்று.

இதில் ஆட்சியாளருக்கு ஒரு பாடம் உண்டு. வடிவமைப்பு நிலைபெறுமுன் தேர்வுகள் பல. நிலைபெற்றபின் மாற்றுவது பெருஞ்செலவு. ஆகவே ஒரு கருவிக்கு மானியம் அளிக்குமுன் அதன் விலையை மட்டும் பார்த்தல் போதாது. எரிபொருளை யார் தருவார், உதிரிபாகம் எங்கிருந்து வரும், பழுதை யார் நீக்குவார், எவருடைய கைத்திறன் வேலையிழக்கும் என்னும் வினாக்களையும் முன்னதாகவே எழுப்ப வேண்டும். கருவியுடன் அதைச் சீர்செய்யும் அறிவும் கடற்கரைக்கு வந்து சேர்ந்தால்தான் அது மீனவரின் உடைமையாகும்.