கோடரிக்கு முந்தைய இரவு



மரம் வெட்டுவது பற்றிய நம்பிக்கைகள் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது புளியமரத்துப் பேயைத்தான். அடியில் படுத்தால் முனி அடிக்கும், வெட்டினால் குடும்பம் விளங்காது என்பார்கள். இதற்கு இப்போது மேடைதோறும் ஒரு விளக்கம் வந்துவிட்டது: இரவில் மரம் கரியமில வாயுவை விடுகிறது, அதைத்தான் முன்னோர் பேய் என்றார்களாம். எனக்கு இது ஒப்பவில்லை. எல்லா மரமும்தான் விடுகிறது; திறந்த வெளியில் அது ஆளைத் திணறடிக்கும் அளவும் அல்ல. வேம்படியில் கட்டில் போட்டுத் தூங்குகிறவர்கள் நாம். வேம்பு மட்டும் இரவெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டா நிற்கிறது? நம்பிக்கைக்கு அறிவியல் சட்டை மாட்ட வேண்டாம். அது என்ன வேலை செய்தது என்று பார்ப்போம்.

சங்ககால அரசர்கள் தம் ஆட்சியின் அடையாளமாகக் காத்த காவல் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் தொடமாட்டார்கள் என்றால் பாதிதான் உண்மை. தொடக்கூடாது என்பதாலேயே பகைவன் அதைத் தேடி வெட்டினான். சேர அரசன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பை வெட்டி முரசு செய்துகொண்டான். சேரன் செங்குட்டுவன், பழையன் என்ற தலைவனின் காவல் வேம்பை வீழ்த்தினான். இவற்றில் மனம் கசக்கும் கதை நன்னன் என்ற சிற்றரசனுடையது. அவனுடைய காவல் மாமரத்துக் காய் ஆற்றில் மிதந்து வர, நீராடிய பெண்ணொருத்தி எடுத்துத் தின்றுவிட்டாள். அவள் எடைக்குப் பொற்பாவையும் 81 யானைகளும் தருவதாக அவள் தரப்பில் சொல்லியும் நன்னன் கேட்கவில்லை, அவளைக் கொன்றான். குறுந்தொகை இதைப் பழியாகவே நினைவு வைத்திருக்கிறது. அந்த மாமரமும் பின்னர் கோசர் என்ற குடியினரின் கையால் வீழ்ந்தது. பழைய மரபு என்றாலே பசுமைப் பரிவு என்று உருகுகிறவர்கள் நன்னனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான் அதிகம் மதிப்பது வேறொரு மரபை. 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதையில், சிலை செய்ய மரம் எடுப்பது பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. சுடுகாட்டு மரம், கோயில் மரம், பறவைக் கூடுள்ள மரம், இடி விழுந்த மரம் எல்லாம் ஆகாது. தேர்ந்த மரத்துக்கும் இரவில் படையலிட்டு, அதில் குடியிருக்கும் உயிர்கள் வேறிடம் போகும்படி வேண்டிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில்தான், தேனும் நெய்யும் தடவிய கோடரி மரத்தில் படலாம். ஆக, இது வெட்டாதே என்று சொல்லும் நூல் அல்ல, வெட்டும் முறையைச் சொல்லும் நூல். குடியிருப்பவரைக் கேள், ஓர் இரவு பொறு என்கிறது. அந்த ஓர் இரவில் மனம் மாறியவர்களும் இருந்திருப்பார்கள்.

கோயில்காடுகளில் ஓர் இரவு பொறுத்து வெட்டுவது என்ற பேச்சே இல்லை. புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு இன்றும் நிற்கிறது. கடற்கரையோர உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. இத்தகைய காடுகள் பலவற்றில் காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டு அடுப்புக்கு எடுக்கமாட்டார்கள், சாமிக்குப் பொங்கல் வைக்க மட்டும் எடுப்பார்கள். ஐயனார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பயம் வனக்காவலர் இல்லாமலே காட்டைக் காத்தது.

அதே பயம் நெடுஞ்சாலைப் புளியமரங்களைக் காக்கவில்லை. ஆண்டுதோறும் மகசூல் ஏலம் போன மரங்கள், சாலையை அகலப்படுத்தும்போது வரிசையாகச் சாய்ந்தன. முனி யாரை அடிக்கும்? உத்தரவிட்டவர் ஓர் ஊர், ஒப்பந்ததாரர் ஓர் ஊர், இயந்திரம் ஓட்டியவர் இன்னோர் ஊர். பயம் வேலை செய்ய வெட்டுகிறவன் அந்த மரத்துக்குப் பக்கத்தில் வாழ வேண்டும். இன்று அந்தப் பயத்தின் இடத்தில் விதிகள் வந்திருக்கின்றன. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்புதான், ஆனால் பனையடியில் நிற்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மரத்துக்குப் பயந்தவர்களின் கதைகளை நிறையத் திரட்டிவிட்டோம். வெட்டியவர்களிடம் போங்கள். மரம் வெட்டும் தொழிலாளர்களும் மரம் வாங்கப்போகும் ஆசாரிகளும் முதல் வெட்டுக்கு முன் என்ன சொல்வார்கள், எந்த மரத்தை எந்தக் கிழமையில் தொடமாட்டார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். மின்ரம்பம் வந்தபின் அந்தச் சொற்கள் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.