முதுகு வளைந்தால் குளம்பைப் பாருங்கள்



கறவை மாடு முதுகைக் கூனிக்கொண்டு நின்றால் நாம் என்ன சொல்லுவோம்? வயிற்று உப்புசம் என்பார் ஒருவர், குளிர் என்பார் இன்னொருவர், பிடிப்பு என்று எண்ணெய் தேய்ப்பார் மற்றொருவர். காலைத் தூக்கிப் பார்ப்பவர் அபூர்வம். ஆனால் பல மாடுகளுக்கு முதுகு வளைவது காலிலே தொடங்குகிற சமாசாரம்.

மாட்டுக்கு ஒவ்வொரு காலிலும் இரண்டு குளம்பு. பின்னங்காலில் வெளிக்குளம்பின் மேல்தான் அதிகப் பாரம் இறங்குகிறது. பாரம் கூடினால் அந்தக் குளம்பு வேகமாக வளரும். வளர்ந்து உயரமாகிவிட்டால் இன்னும் அதிகப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். குளம்பு மாதத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வளரும். மேய்ச்சலுக்குப் போய்வருகிற மாட்டுக்கு வளர்ந்தது தேய்ந்துவிடும். கொட்டகையிலேயே கட்டிப் போட்ட கலப்பினப் பசுவுக்கு நுனி நீண்டுபோகும்.

நுனி நீண்டால் பாரம் பின்னுக்குப் போய்க் குதியில் விழும். குளம்புக்குள்ளே இருக்கிற எலும்பு அந்த இடத்துச் சதையை நசுக்கும். முதலில் ரத்தம் கட்டும், அப்புறம் புண். மாடு சும்மா இருக்குமா? நோவு தெரியாமலிருக்க முட்டிகளை உள்ளே ஒடுக்கி, பாதத்தை வெளியே திருப்பி நிற்கும். பாரத்தை முன்னங்காலுக்குத் தள்ளும். அதனாலே முதுகு வளையும், நடக்கும்போது தலை தாழும். தீவனத் தொட்டிவரை போவதே அதற்குப் பெரும்பாடு. பால் இறங்கும். பருவத்துக்கு வந்தாலும் மற்ற மாட்டின் மேல் தாவாது, ஆகவே சினை ஊசி போடும் நேரமும் நமக்குத் தவறிப்போகும்.

மேல்நாட்டில் கைரோப்ராக்டிக் என்று ஒரு வைத்தியம் உண்டு. 1895-ல் அமெரிக்காவில் டி. டி. பால்மர் தொடங்கியது. முதுகெலும்பைக் கையாலேயே அழுத்திச் சரிசெய்கிறவர்கள். முதுகுவலி என்று வருகிறவரின் பாதத்தைப் பார்த்து, செருப்புக்குள் வைக்கத் தாங்கு அட்டை கொடுப்பவர்களும் அவர்களில் உண்டு. அந்த அட்டை மனிதருக்கு முதுகுவலி வராமல் தடுப்பதாகச் சோதனைகளில் நிரூபணம் ஆகவில்லை. மாட்டின் விஷயம் அப்படியல்ல, கண்ணாலேயே பார்க்கலாம். 1997-ல் அமெரிக்காவில் ஸ்ப்ரெக்கர் முதலியோர் முதுகை வைத்தே நொண்டலை ஐந்து படியாகப் பிரித்தார்கள். நிற்கும்போது முதுகு நேராக இருந்து, நடக்கும்போது மட்டும் வளைந்தால் இரண்டாம் படி. நின்றாலும் நடந்தாலும் வளைந்தால் மூன்றாம் படி. நாம் "நொண்டுது" என்று சொல்லும்போது பெரும்பாலும் நான்காம் படியாகிவிடுகிறது!

போன வருஷம் ஒரு கிராமத்தில் ஒருவர், முதுகு பிடித்த மாடு என்று பசுவைத் தரகரிடம் பேசி முடிக்க இருந்தார். கால்நடை மருத்துவர் வந்து காலைத் தூக்கினால், வெளிக்குளம்பின் அடியில் புண். அதைச் சுற்றிச் சீவிவிட்டு, பக்கத்திலிருந்த நல்ல குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டினார். "நோவு அங்கே இருக்க, இங்கே ஒட்டுறீங்களே ஐயா?" என்று அந்த அம்மா பதறிவிட்டார். அதிலேதான் சூட்சுமம். நல்ல குளம்பு உயர்ந்தால் புண்ணான குளம்பு தரையைத் தொடாது, அதன் பாரம் இறங்கிவிடும். நாலைந்து வாரத்தில் மறுபடி பார்த்துக் கட்டையை எடுத்துவிட வேண்டும். அந்தப் பசு இன்னும் அவர் வீட்டிலேதான் கறக்கிறது.

புண் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை குளம்பு சீவலாம்: கறவை வற்றுகிற சமயம் ஒன்று, கன்று போட்டு இரண்டு மூன்று மாதத்தில் ஒன்று. பின்னங்காலில் முதலில் உள்குளம்பு. பிறகு வெளிக்குளம்பை அதற்குச் சமமாக இறக்க வேண்டும். நெதர்லாந்தில் டௌசான்ட் ராவென் வகுத்த முறை இது. பெரிய ஹோல்ஸ்டீன் பசுவுக்கு, மயிர் முடியும் இடத்திலிருந்து நுனிவரை ஏழரை சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது கணக்கு. நம் ஜெர்சிக் கலப்பு சின்ன உருவம், அந்த அளவை அப்படியே வைக்க முடியாது. கட்டைவிரலால் அடிக்குளம்பை அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கினாலும் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பழக்கமில்லாதவர் அரிவாளை எடுக்கவே வேண்டாம், மருத்துவரை அழையுங்கள். வாயில் கொப்புளமும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அது கோமாரியாக இருக்கலாம். உடனே சொல்லி அனுப்புங்கள்.

உழவு மாட்டுக்கு, வண்டி மாட்டுக்கு லாடம் அடிக்கிறோமே, அதிலும் இதே கதைதான். மாட்டைக் கீழே தள்ளிக் காலைக் கட்டிய பிறகு நிலை தெரியாது. தள்ளுவதற்கு முன்னால், சமதரையில் நிறுத்திப் பின்னாலிருந்து பாருங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல மனசாலே ஒரு கோடு விடுங்கள்: பிட்டத்து எலும்பிலிருந்து முட்டி வழியாகக் குளம்புக்கு நேராக இறங்க வேண்டும். முட்டி உள்ளே ஒடுங்கியிருந்தால் எந்தக் குளம்பு உயரம் என்று லாடக்காரரிடம் காட்டி, இரண்டையும் சமமாகச் சீவிய பிறகே ஆணி இறக்கச் சொல்லுங்கள். மேடுபள்ளத்தின் மேலே அடித்த லாடம் அந்தக் கோணலை அப்படியே இறுக்கிவிடும்.

நாளைக் காலை பால் கறந்ததும் மாட்டைப் பத்தடி நடக்கவிட்டு, பக்கவாட்டில் நின்று அதன் முதுகைப் பாருங்கள்.