ஒரே குவளை, ஒரே சொல்

(பசறையில் தோட்டத் தொழிலாளரும் பயிர்த்தொழிலாளரும் அலுவலரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உணவுக் கடை. "அரசியல் மேடையில் வடைக்கும் தேநீருக்கும் என்ன வேலை?" என்று கேட்பார் உளர். வேலை இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குச் சாவடிக்குள் நுழைகிறோம். ஆனால் தேநீர்க் கடைக்குள் நாள்தோறும் நுழைகிறோம். சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட சமத்துவம் மெய்யா, வெறும் மையா என்பதை அளந்து பார்க்கும் இடம் அதுதான்.

கோணக்கலையிலிருந்தும் எல்டெப்பிலிருந்தும் டெமேரியாவிலிருந்தும் நமுனுகுலைச் சாரலிலிருந்தும் நம் மக்கள் பசறை நகருக்கு இறங்கி வருகின்றனர். வங்கிக்கு ஒருவர், மருந்துக்கு ஒருவர், பிள்ளையின் பாடப் புத்தகத்துக்கு ஒருவர். அலுவல் முடிவதற்குள் பொழுது உச்சிக்கு ஏறிவிடுகிறது. பதுளைக்கோ லுணுகலைக்கோ செல்லும் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கடைக்குள் நுழைந்து ஒரு பிளேன்டீ கேட்கின்றனர். அப்பொழுது நடப்பது என்ன?

பெரும்பாலான கடைகளில் நல்லதுதான் நடக்கிறது. அதை மறைப்பது அறமன்று. சூடான ரொட்டியும் சம்பலும் வருகின்றன. பருப்பு மறுமுறையும் கேளாமலே வருகிறது. "பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா அம்மா?" என்று கேட்கும் முதலாளிமார் இந்த வீதியில் உண்டு. அவர்களுக்கு நம் நன்றி.

ஆயினும் வேறொன்றும் நடக்கிறது. காற்சட்டையும் சப்பாத்தும் அணிந்தவரைக் கண்டால் "வாங்க ஐயா, உட்காருங்க" என்கிற அதே வாய், கொழுந்துக் கறை படிந்த கையைக் கண்டால் "என்னா வேணும்?" என்று சுருங்குகிறது. ஒருவருக்கு மேசை துடைக்கப்படுகிறது. மற்றவருக்கு மூலை பெஞ்சு காட்டப்படுகிறது. விலை கேட்டால் முகம் சுளிக்கிறது. கணக்குக் கேட்டால் குரல் உயர்கிறது. இவ்வனுபவம் நம்முள் பலருக்கு உண்டு. எந்தக் கடை என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு கடையைத் தூற்றுவதற்காக நாம் இங்கே கூடவில்லை. ஒரு வழக்கத்தை மாற்றுவதற்காகக் கூடியிருக்கிறோம்.

இக்கொழுந்துக் கையின் கணக்கை ஒரு நிமிடம் பார்ப்போம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ பறிக்கும் பெண், நான்கு கிலோ தேயிலைக்கு வழி செய்கிறாள். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் என்று கொண்டால், ஈராயிரம் கோப்பை! ஊவாத் தேயிலையின் மணத்தை உலகச் சந்தை புகழ்கிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் விளையும் கொழுந்துக்குத் தனி விலை. அந்த மணத்தைப் பறித்துக் கொடுத்தவளுக்கு 2024ஆம் ஆண்டில் உறுதி செய்யப்பட்ட நாட்கூலி 1350 ரூபாய். நாளொன்றில் ஈராயிரம் பேருக்குத் தேநீர் கொடுத்தவள், தனக்கென ஒரு கோப்பை கேட்டு வரும்போது மரியாதையோடு ஒரு சொல் கொடுக்க நமக்கு என்ன தடை?

நண்பர்களே! குவளைக்காகப் போராடிய வரலாறு நம் இனத்துக்கு உண்டு. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே அமர இயலாத காலம் இருந்தது. வெளியே நின்று தனிப் பாத்திரத்தில் வாங்கிக் குடிக்கவேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கிற்று. சட்டம் வந்தது, கதவு திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. அதன் பின்னர்த் தேநீர்க் கடைகளிலும் கோவில் வாசல்களிலும் தொடர்ந்த போராட்டத்தில் அடிபட்டனர், சிறைப்பட்டனர், உயிரும் இழந்தனர். ஒரு கண்ணாடிக் குவளைக்கு அவ்வளவு விலை கொடுக்கப்பட்டது.

தமிழகத்திலும் அப்படியே. இரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்கென இருந்த தனி இடம் 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவகத்தின் பெயர்ப் பலகையில் இருந்த சாதிப் பெயரை நீக்கக் கோரிப் பெரியார் நடத்திய மறியல் பல மாதம் நீடித்தது. முடிவில் பலகை மாறிற்று. கடல் கடந்தும் பாருங்கள். 1960 பெப்ரவரி முதல் நாள் அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கென ஒதுக்கிய உணவு மேடையில் அமர்ந்தனர். காப்பி கேட்டனர், கொடுக்கவில்லை. எழுந்தும் போகவில்லை! அவ்வாண்டு யூலையில் அந்த மேடை எல்லார்க்கும் திறந்தது. 1964இல் நாட்டுக்கே சட்டம் வந்தது.

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, மூன்றாம் பிரிவு கூறுவதைக் கேளுங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகக் கடைக்குள்ளோ பொது உணவகத்துக்குள்ளோ செல்வதற்கு எவருக்கும் தடையோ நிபந்தனையோ விதித்தல் ஆகாது என்கிறது அது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதன் மிச்சத்தைத் தீர்க்கக் காத்திருந்த மக்கள் நாம். உரிமை என்னும் சொல்லின் எடை நமக்குத் தெரியும். ஆனால் "நீ" என்பதற்கும் "நீங்கள்" என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தச் சட்டம் அளக்கும்? அதை அளக்க வேண்டியது ஊர்.

கடைக்காரர் பக்கத்தையும் பார்ப்போம். 2022ஆம் ஆண்டில் எரிவாயுச் சிலிண்டர் கிடைக்காமல் எத்தனையோ கடைகளின் அடுப்பு அணைந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டிற்று. அரிசி ஏற, தேங்காய் ஏற, சோற்றுப் பார்சலும் ஏறிற்று. அதே வேளையில் வெலிமடையிலும் கெப்பெட்டிபொலையிலும் போஞ்சியையும் கோவாவையும் விற்ற விவசாயி, தான் விற்ற மரக்கறி தட்டில் என்ன விலைக்கு வருகிறது என்று பார்த்துத் திகைத்தார். கடைக்காரரும் விவசாயியும் தொழிலாளியும் ஒரே சுமையைத்தான் மூன்று முனையில் தூக்கினர். ஆகையால் இவர்களுக்குள் பகை வேண்டா.

இன்னொன்றை மறந்துவிடக் கூடாது. மேசைக்கு அப்பால் நிற்கும் பரிமாறும் தம்பி யார்? கொழும்புக் கடைகளில் தட்டுக் கழுவுபவன், ரொட்டி தட்டுபவன், இரவு கடைக்குள்ளேயே படுப்பவன், பெரும்பாலும் மலையகத்துப் பிள்ளை. நம் லயத்திலிருந்து போனவன். தாமதமானால் அவனை அதட்டுபவர்களும் நாமே! 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் அவனுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி வேலை என்று வரையறுத்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அவனுக்குச் சேமலாப நிதியை உரிமையாக்கிற்று. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. உண்பவர் மரியாதை கேட்கும்போது, உணவிடுபவனின் மரியாதையும் சேர்த்தே கேட்கவேண்டும். இல்லையேல் நம் நியாயம் பாதி நியாயம்.

ஆகவே செய்யவேண்டியதைச் சொல்லி முடிப்போம்.

முதலாவது, விலைப் பட்டியல். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் வணிகர் விலையைக் காட்சிக்கு வைக்கவேண்டும் என்கிறது. பசறைக் கடைகளில் அது தமிழிலும் சிங்களத்திலும் தொங்கட்டும். விலை தெரிந்தவன் தலைகுனிந்து கேட்கவேண்டியதில்லை.

இரண்டாவது, தூய்மை. வடையும் ரோல்ஸும் ஒரே தட்டில் மேசைக்கு வந்து, ஒருவர் தொட்டு விட்டது அடுத்த மேசைக்குப் போகும் வழக்கம் ஒழியட்டும். கேட்டதை மட்டும் இடுக்கியால் எடுத்து வைத்தால் போதும். கை கழுவச் சவர்க்காரமும் குடிக்கக் கொதித்தாறிய நீரும் இருக்கட்டும். குறை தொடர்ந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுவது பகையன்று; கடமை.

மூன்றாவது, படித்தவர் பொறுப்பு. ஆசிரியரே, எழுதுவினைஞரே, மருந்தாளரே! உங்களுக்கு மேசை துடைக்கப்படும்போது, மூலையில் நிற்கும் அம்மாவை அழைத்து எதிரே அமரச் செய்யுங்கள். ஒரு சொற்பொழிவு செய்யாததை அந்த ஒரு நாற்காலி செய்யும்.

நான்காவது, தொழிலாளர் பொறுப்பு. தாழ்ந்து நிற்கவேண்டா, தாறுமாறாகப் பேசவும் வேண்டா. உட்காருங்கள். கேளுங்கள். காசைக் கொடுத்துக் கணக்கைப் பெறுங்கள். பரிமாறியவனைத் "தம்பி" என்று அழைத்து நன்றி கூறுங்கள்.

எல்லார்க்கும் ஒரே குவளை என்று முன்னோர் போராடி வென்றனர். எல்லார்க்கும் ஒரே சொல் என்பதை நாம் வெல்லவேண்டும். அதற்கு ஊர்வலம் தேவையில்லை, சிறை தேவையில்லை. நாளைக் காலை பசறைச் சந்தியில் முதல் தேநீர் ஆற்றும் கடையிலேயே அதைத் தொடங்கலாம். தொடங்குவோம்!